சந்தனம் தொடாமல் போன நாள்

மாசி 20, செவ்வாய்

தொரை, காலையிலேயே வெயில் ஏறிவிட்டது. மரவள்ளி பாதிதான் பிடுங்கியிருக்கிறது. மீதி கிடக்கட்டும். அதைவிட அவசரமாக ஒன்று.

அலமாரியில் உன் கண் சொட்டு மருந்து. பாதி மிச்சம். நெஞ்சுவலியில் நீ போய் ரெண்டு மாசம், இனி யாருக்கு. எறியத்தான் எடுத்தேன். டாக்டரம்மா சொன்னது ஞாபகம் வந்தது. "கூடப் பொறந்தவங்களக் கூட்டிட்டு வாங்க. இந்தக் கண் அழுத்தம் குடும்பத்துல வரும். வலிக்காது, செவக்காது. ஓரப் பார்வை போனப்புறம்தான் தெரியும்."

உனக்குப் போனதும் அப்படித்தான். கூடப் பிறந்தவன் ஏழுமலை ஒருத்தன். பேச்சுவார்த்தை இல்லாதவனிடம் நீ எப்படிச் சொல்வாய். நான் சொல்வேன்.

மாசி 21, புதன்

சங்கராபுரம் பஸ். நிறுத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரி. "தாலி எறங்கி மூணு மாசம் ஆவல, எங்க கெளம்பிட்ட?"

"கொழுந்தன் வூட்டுக்கு." அதோடு சரி.

ஏழுமலை உட்காரச் சொல்லவில்லை. அவன் பெண்டாட்டி செல்விதான் மோர் கொடுத்தாள். விஷயத்தைச் சொன்னேன்.

"எனக்கு கண்ணு நல்லாத்தான் இருக்குது அண்ணி. கிட்ட நிக்கிறது மனுசனா மரமான்னு தெரியும். உம் புருசன் மாதிரி இல்ல."

குத்தல். அவன் பெண் கல்யாணத்தை இன்னும் மறக்கவில்லை. மண்டப வாசலில் சந்தனக் கிண்ணத்தோடு ஓரமாக நின்றான். மேளச் சத்தத்தில் கூப்பிட்டாலும் கேட்காது. நீ நேரே பார்த்தபடி உள்ளே போனாய், சந்தனம் தொடாமல். அதற்கு ஒரு வாரம் முன்புதான் கிணற்றுத் தண்ணீர் முறைக்கு ரெண்டு பேரும் மல்லுக்கு நின்றது. அதனால் ஊரே வேண்டுமென்றுதான் என்றது. உன் கண் கோளாறு தெரிந்தது ரொம்ப நாள் கழித்து.

அழக்கூடாது என்றுதான் போனேன். அழவில்லை. டாக்டரம்மா உனக்குச் செய்து பார்த்ததையே அவனுக்கும் செய்தேன்.

"வலது கண்ண மூடு. நேரா எம் மூக்கப் பாரு."

நான் ஜாடை காட்ட, செல்வி சத்தமில்லாமல் அவன் இடது பக்கம் வந்து துடைப்பத்தைத் தூக்கிப் பிடித்தாள்.

"உம் பொண்டாட்டி கையில இன்னா வச்சிக்கினு இருக்கா?"

"அவ அடுப்பாண்டதான இருக்கா?"

"தொடப்பம்யா. ரெண்டு போட்டாக்கூட எங்கேந்து வந்துச்சின்னு தெரியாது போல" என்று செல்வி சிரித்தாள். அப்புறம் சிரிப்பு நின்றுபோனது.

மாசி 22, வியாழன்

கள்ளக்குறிச்சி கண்ணாஸ்பத்திரி. மூணு பேரும். எலுமிச்சை சாதம், தண்ணி, அவன் ஆதார் கார்டு. கூட்டம்.

கண் அழுத்தம் ஜாஸ்தி. இருட்டு அறையில் ஒரு பெட்டிக்குள் பார்க்கச் சொல்லி, வெளிச்சப் புள்ளி தெரிந்தால் பொத்தானை அமுக்கச் சொன்னார்கள். இடது கண்ணில் ஓரத்துப் புள்ளி எதுவும் தெரியவில்லையாம். வலது கண் பரவாயில்லை.

"போன பார்வை திரும்ப வராதுங்க" என்றார் டாக்டரம்மா. "இருக்கறதக் காப்பாத்த லேசர் வைக்கலாம். கத்தி இல்ல, தையல் இல்ல."

"கண்ணு வெந்துடாது?"

"வேகாது. கண்ணுக்குள்ள ஊறுற தண்ணி வெளியே போற வழி சரியில்ல. அதச் சரி பண்றோம்."

"மடை தூந்துபோச்சி. தூர் எடுக்கணும். அதான?"

"அதேதான். அழுத்தம் எறங்க சில வாரம் ஆகும். விடாம வந்து காட்டணும். சொட்டு மருந்தும் தேவைப்படலாம்."

திங்கட்கிழமை வரச் சொன்னார். பஸ்ஸில் ஏழுமலை முனகல். "கெழங்கு லாரி வருது அண்ணி. நான் வரல."

"வராட்டி உன் வாசல்லயே ஒக்காந்துக்குவேன். சோறு செல்வி போடுவா."

"போடுவேன்" என்றாள் அவள்.

மாசி 26, திங்கள்

மூட்டம். மலைப்பக்கம் கறுத்துக்கிடந்தது. முதல் பஸ்.

இன்றைக்கு இடது கண். வலது கண்ணுக்கு அடுத்த மாசம். மரத்துப்போக மருந்து விட்டு உள்ளே கூட்டிப்போனார்கள். செல்வி என் கையைப் பிடித்த பிடியில் அவள் வளையல் அழுந்திவிட்டது. டீ ஆறுவதற்குள் வெளியே வந்தான்.

"அவ்ளோதானா? கண்ணு மேல ஒரு கண்ணாடி வச்சாங்க. பச்சையா மின்னுச்சி, டிக்கு டிக்குன்னு சத்தம். இதுக்கா நாலு நாளா சோறு எறங்கல."

மறுபடி அழுத்தம் பார்க்க ஒரு மணி நேரம் பெஞ்சில் காத்திருப்பு. செல்வி இட்லி வாங்கப் போனாள். அவன் தரையையே பார்த்தபடி இருந்தான்.

"அண்ணி. மண்டபத்துல நான் அண்ணனுக்கு ஓரமாத்தான் நின்னேன்."

"ஆமா."

"அப்ப அது என்னைப் பாக்கவே இல்லியா?"

உன் சாவுக்கு வந்து தெருமுனையிலேயே நின்று திரும்பிப்போனவன். அந்த முகத்தைப் பார்த்து வேறு என்ன சொல்ல.

"பாக்கலப்பா. சத்தியமா பாக்கல."

துண்டால் முகத்தைத் துடைக்கப் போனான். கண்ணைத் தேய்க்கக் கூடாது என்று நர்ஸ் அதட்டினாள். அப்படியே விட்டுவிட்டான். வழிந்தது.

அழுத்தம் ஏறவில்லை, வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். பஸ்ஸில் எனக்கு ஜன்னல் சீட்டைக் கொடுத்தான்.

சத்தியம் பண்ணிவிட்டேன். உன்னிடம் நானும் ஒரு தடவை கேட்டிருக்கிறேன். பதில் சொல்லாமல் மாட்டுக்குத் தண்ணி காட்டப் போனாய். தொரை, அன்றைக்கு அவனை நீ பாத்தியா, பாக்கலியா?