உங்கள் தாத்தா வீடு இருந்த இடம்

அண்ணா,

நான் அன்றைக்கே சொன்னேன். உங்கள் தாத்தா எருமை வைத்திருந்தவர் என்று சொன்னேனா இல்லையா? நேற்று உங்கள் மகள் மலேசியாவிலிருந்து அனுப்பிய கவர் வந்து சேர்ந்தது. உள்ளே ஒரு கடிதமும் பழைய எஸ்டேட் பதிவேட்டின் நகலும். எனக்கு இங்கிலீஷ் ஓடாது என்று தெரிந்து பக்கத்திலேயே தமிழிலும் எழுதியிருக்கிறாள். பெயர் ராமன். தகப்பன் பெயர் காளியப்பன். ஊர் எருமப்பட்டி பக்கம் கரட்டுக்காடு. வேலை, எஸ்டேட் மாடு எருமைகளைப் பார்த்துக்கொள்வது.

வேலியோரக் கட்டுத்தறிக்கு ஓடிப்போய் என் சம்சாரத்திடம் காட்டினேன். அவள் எருமைக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாள். "பாத்தனுங்க, அந்தத் தவுட்டை இப்படி எடுங்க" என்றாள். அவ்வளவுதான் அவள் மெச்சியது. உங்களிடம் சொன்னால்தான் எனக்குத் திருப்தி. நீங்கள் இல்லை என்றாலும் சொல்லிவிடுகிறேன்.

எருமப்பட்டி டீக்கடையில் உங்களை முதலில் பார்த்தது ஞாபகம் இருக்கிறது. தலையில் வெள்ளைத் தொப்பி, கையில் பிளாஸ்டிக் உறைக்குள் தாத்தாவின் இறப்புச் சான்றிதழ். அதில் ராமன், தகப்பன் காளியப்பன், எருமப்பட்டி, நாமக்கல் தாலுகா என்று மட்டும் இருந்தது. கடையில் ஆளாளுக்கு வாங்கிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்கள். நான் ஒரு பார்வைதான் பார்த்தேன். "இது எங்க கரட்டுக்காட்டு ஆளுங்கண்ணா" என்றேன். எப்படி என்று கேட்டீர்கள். சின்ன ஊர்க்காரன் தூரதேசம் போனால் பக்கத்துப் பெரிய ஊரின் பேரைத்தான் சொல்லுவான். நான் காஷ்மீர் வரைக்கும் லாரி ஓட்டினவன், போன இடத்திலெல்லாம் சேலம் என்றுதான் சொல்லியிருக்கிறேன். ஜம்முவோடு திரும்பிவிட்டேன் என்று என் சம்சாரம் சொல்லுவாள். அவளுக்கு ரோட்டைப் பற்றி என்ன தெரியும்.

ஆறாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் சொன்னதை நீங்கள் நம்பினீர்கள். அதுதான் முதல் ஆச்சரியம். என் வேனில் ஏறினீர்கள். தாலுகா ஆபீசுக்குப் போனோம். கலெக்டரே எனக்குப் பழக்கம் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தேன், அங்கே போனால் வாசலில் இருந்த காவலாளிக்கே என்னைத் தெரியவில்லை. நீங்கள் அதைக் கவனிக்காத மாதிரி தொப்பியைச் சரிசெய்துகொண்டீர்கள். அந்த மரியாதையை நான் மறக்கவில்லை.

உள்ளே இருந்த கிளார்க் நல்ல மனுஷன். கட்டுக் கட்டாகத் தூசி தட்டிப் பார்த்தார். கடைசியில், "நெலம் இருந்தா பேர் இருக்குமுங்க. கூலிக்குப் போனவங்க ஊடு எங்க இருந்துச்சுன்னு எதுல போய்த் தேடறதுங்க?" என்றார். ஏளனமாகச் சொல்லவில்லை. வருத்தமாகத்தான் சொன்னார்.

நீங்கள் வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்தீர்கள். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டீர்கள். எஸ்டேட் வரிசை வீட்டுக்குள் உங்கள் தாத்தா சாகும்வரை படுத்ததே இல்லையாம். இது என் வீடு இல்லை என்று சொல்லி, மழை பெய்தாலும் வாசலில்தான் படுப்பாராம். அதைச் சொல்லிவிட்டு, ரோட்டைப் பார்த்தபடி கேட்டீர்கள்.

"அவர் உள்ள படுத்துத் தூங்கின இடம்னு ஒன்னு இருந்திருக்கும்ல தம்பி? அதப் பாத்தாப் போதும் எனக்கு."

"இருக்குதுங்கண்ணா. எங்கப்பா எனக்குக் காட்டியிருக்கறாரு" என்றேன்.

நீங்கள் முகம் கழுவிக்கொண்டு வருவதற்குள் வீட்டுக்குப் போன் போட்டு, கட்டிலைத் தூக்கிப் புளியமரத்தடியில் போடு என்று சொல்லிவிட்டேன். போய் இறங்கியதும் உங்களுக்கு வீட்டையே காட்டினேன். இது வாசல், இது அடுப்பு மூலை, இங்கேதான் காளியப்பன் படுப்பார், அவர் பக்கத்தில் பையன் ராமன். சுவர் ஒன்றுகூட இல்லாத இடத்தில் நீங்கள் தலையைக் குனிந்து உள்ளே வந்தீர்கள். நிலவாசல் இடிக்கும் என்று நினைத்தீர்களோ என்னவோ.

"ஒரு வாசம் அடிக்குதே தம்பி?"

"உங்க தாத்தா எருமை வெச்சிருந்தாருங்கண்ணா. மண்ணுல ஊறின வாசம் லேசுல போகாதுங்க."

உங்கள் முகம் மலர்ந்தது. அந்தக் கயிற்றுக் கட்டிலில் படுத்தீர்கள். கண்ணாடியைக்கூடக் கழற்றவில்லை, அப்படியே தூங்கிப்போனீர்கள். அப்படி ஒரு குறட்டையை நான் எந்த லாரி ஷெட்டிலும் கேட்டதில்லை. வேடிக்கை பார்க்க வந்தவர்களை வாயில் விரல் வைத்துத் திருப்பி அனுப்பினேன். அந்தப் பக்கம் வேலியோரம் கட்டியிருந்த எருமை கத்த ஆரம்பித்தது. ஓடிப்போய் அதன் கழுத்தைச் சொரிந்துகொண்டே நின்றேன். வெயில் சாயும்வரை நின்றேன். என் ஆயுசில் அவ்வளவு நேரம் நான் பேசாமல் இருந்தது அன்றைக்குத்தான்.

எழுந்து உட்கார்ந்து, "எங்க வீட்டுல தூங்கிட்டேன் தம்பி" என்றீர்கள். அவ்வளவுதான் சொன்னீர்கள்.

ஆஸ்பத்திரியில் கடைசி நாட்களில் அந்தக் கட்டிலுக்குத் தூக்கிப் போகச் சொல்லிக் கேட்டுக்கொண்டே இருந்தீர்களாம். உங்கள் மகள் எழுதியிருக்கிறாள். முன்பெல்லாம் அங்கிள் என்று எழுதுவாள், இந்தக் கடிதத்தில் சித்தப்பா என்று எழுதியிருக்கிறாள். தை மாதம் பிள்ளைகளோடு வருகிறாளாம். உங்கள் தாத்தா வீடு இருந்த இடத்தில் அவர் பேர் பொறித்துக் கல் நட வேண்டுமாம். "இடம் அதுதானே சித்தப்பா?" என்று கேட்டிருக்கிறாள்.

அன்றைக்கு நீங்கள் வந்துபோனதிலிருந்து அங்கே எருமையைக் கட்டுவதில்லை அண்ணா. கட்டிலும் அங்கேயேதான் கிடக்கிறது. மத்தியானத்தில் சில நாள் நானும் போய்ப் படுக்கிறேன், நல்ல தூக்கம் வருகிறது. அந்தப் பேர் வேண்டாம் அம்மிணி, உங்கப்பா ஒரு மத்தியானம் இங்கே தூங்கினார் என்று கல்லில் எழுது, அது போதும் என்று அவளுக்குப் பதில் எழுதிவிட்டேன். ஏன் என்று கேட்பாள். நேரில் சொல்லிக்கொள்கிறேன், கடிதத்தில் எழுதக் கை வரவில்லை. உங்களுக்கு முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஊர் நான் கணித்தது, சரியாகிவிட்டது. எருமை என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன், அதுவும் நிஜமாகிவிட்டது. இடம் மட்டும் எங்கப்பா காட்டியதில்லை. அந்தப் புளியமரத்தடி அப்போது எங்கள் கட்டுத்தறி அண்ணா. அன்றைக்குக் காலை வரைக்கும் எருமை நின்ற இடம். தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு நீங்கள் அந்தப் படிக்கட்டில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். அப்போதுதான் அந்த வீட்டைக் கட்டினேன்.