ஒற்றைப் பேட்டரியில் இழுத்த வயர்

மாமு,

இன்று காலை என் வண்டி வயரிங் கடைக்கு வந்த ஒரு லாரியின் பேட்டரிப் பெட்டியைத் திறந்தேன். அழுகிய முட்டை நாற்றம் குப்பென்று அடித்தது. இரண்டு பேட்டரிகளில் ஒன்று கொதித்துத் தண்ணீர் வற்றி, மேலெல்லாம் வெள்ளை பூத்துக் கிடந்தது. பக்கத்தில் இருந்ததில் உயிரே இல்லை. அந்தச் செத்த பேட்டரியிலிருந்து மெல்லிசாக ஒரு வயர் கிளம்பி கேபினுக்குள் போனது. அதன் முனையில் ஒரு செல்போன் சார்ஜர்.

"எவன்டா இத்த மாட்னது?" என்று கத்திவிட்டேன். டிரைவர் மிரண்டுபோனான். "இன்னாணா, எல்லாரும் இப்டித்தான போட்டுக்கினு கீறாங்க?" என்றான். ஆமாம், எல்லாரும் இப்படித்தான் போடுகிறோம். உன் வண்டிக்கு நானும் இப்படித்தான் போட்டேன். அதற்குமேல் வேலை ஓடவில்லை. மதியம் கடையை மூடிவிட்டு உன் வீட்டுக்குப் போனேன். அங்கே நடந்ததைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். ஆனால் முதலிலிருந்து வரிசையாகச் சொன்னால்தான் எனக்கே தெம்பு வரும்.

அந்த டிரில்லிங் மெஷினை நீ பர்மா பஜாரில் வாங்கிவந்த நாள் நினைவிருக்கிறதா? வயர் இல்லாமல், கைப்பிடிக்குள் செருகிய பேட்டரியில் ஓடும் மெஷினைத் திருவொற்றியூரில் அப்போது எத்தனை பேர் பார்த்திருப்பார்கள்? கன்டெய்னரில் ஓட்டை விழுந்த இடத்தில் தகடு வைத்து ரிவெட் அடிப்பது உன் பிழைப்பு. யார்டுகளில் எவனும் உனக்குக் கரண்ட் தரமாட்டான். கையால் சுற்றியே துளை போட்டு உன் தோள்பட்டை இற்றுப்போயிருந்தது. அந்தச் சந்தோஷத்தில் என் கடை மேஜையைச் சல்லடையாக்கினாய். ஸ்பேனரை எடுத்து உன்மேல் எறிந்தேன். அதற்கும் சிரித்தாய்.

மெஷினோடு ஒரு சார்ஜரும் வந்திருந்தது, காரில் சொருகும் வகை, பன்னிரண்டு வோல்ட். உன் பழைய லாரியோ இருபத்துநாலு வோல்ட். பன்னிரண்டு வோல்ட் பேட்டரி இரண்டைச் சேர்த்துக் கட்டியது. "வண்டிலயே பர்மனென்ட்டா மாட்டிடு மாமு. ஒரு யார்டுலேர்ந்து இன்னொண்ணுக்குப் போறதுக்குள்ள சார்ஜ் ஏறிடணும்" என்றாய்.

சரியாகச் செய்ய வழி இருந்தது. இருபத்துநாலைப் பன்னிரண்டாகக் குறைக்கும் ஒரு சின்னப் பெட்டி வேண்டும். அன்று கடையில் அது இல்லை. வாங்க பாரிமுனைக்குப் போகவேண்டும். எனக்குச் சோம்பல். உனக்கோ எண்ணூரில் நாலு கன்டெய்னர் காத்திருந்தது, காலில் வெந்நீர் ஊற்றிக்கொண்டவன் மாதிரி நின்றாய். நான் குறுக்கு வழியில் இறங்கினேன். இரண்டு பேட்டரியில் ஒன்றிலிருந்து மட்டும் வயரை இழுத்து, டிரைவர் சீட்டுக்குப் பின்னால் சார்ஜரை நாலு ஸ்க்ரூ போட்டு இறுக்கினேன். வண்டியை அணைத்ததும் சார்ஜரும் அணையும்படி சாவியோடு சேர்க்கவில்லை. ஒரு சுவிட்சுகூட வைக்கவில்லை. பச்சை விளக்கு எரிந்தது.

"ஒண்ணும் ஆவாதுல்ல?" என்று கேட்டாய். நீ கேட்டாய், மாமு. "ஒண்ணும் ஆவாது, எட்த்துகினு போ" என்றேன்.

ஆகும் என்று எனக்குத் தெரியும். ஒரு பேட்டரி நாளாக நாளாக இளைத்துப்போகும், மற்றது அளவுக்கு மேல் சார்ஜ் ஏறிக் கொதிக்கும். அடுத்த முறை பாரிமுனைக்குப் போகும்போது அந்தப் பெட்டியை வாங்கி மாட்டிவிடலாம் என்று நினைத்துக்கொண்டேன். அதற்கப்புறம் எத்தனையோ தடவை போனேன். வாங்கவில்லை.

பிறகு அந்த மழை. மூன்று நாள் உன் லாரி சடையங்குப்பத்தில் வீட்டு வாசலிலேயே நின்றது. வண்டி ஓடாவிட்டாலும் சார்ஜர் அந்த ஒற்றைப் பேட்டரியை உறிஞ்சிக்கொண்டே இருந்தது. நாலாம் நாள் காலை ஏரித் தண்ணீர் உங்கள் தெருவுக்குள் வந்துவிட்டது. பக்கத்து வீட்டுக்காரரின் செல்லிலிருந்து பேசினாய். "மாமு, செல்ஃபு எடுக்கல. டக்கு டக்குன்னு சவுண்டுதான் வர்து. தெருவே வண்டில ஏறிக் குந்திக்கினு கீது. ஒரு பேட்டரி எட்த்துகினு ஓடியா." அந்த நிமிஷமே எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. "தோ வரேன்" என்றேன்.

மீன்பாடி வண்டியில் பேட்டரியை ஏற்றினேன். வண்டி போகாத இடத்திலிருந்து தலையில் சுமந்தேன். ஆசிட் வழிந்து தோள் வெந்தது. சாமி, அவன் வண்டி எடுத்துவிடட்டும் என்று வழியெல்லாம் கெஞ்சிக்கொண்டே நடந்தேன். நான் சேர்ந்தபோது லாரியின் ஹெட்லைட்டு தண்ணீருக்குள் இருந்தது. கேபினில் யாரும் இல்லை. தள்ளிப் பார்த்திருக்கிறீர்கள், சேற்றை விட்டுச் சக்கரம் அசையவில்லை. வேறு வழியில்லாமல் கயிறு கட்டி, எல்லாரையும் நடத்தியே மேட்டு ரோட்டுக்குக் கொண்டுபோயிருக்கிறாய். உன் மனைவியையும் மகளையும் முதல் நடையில் விட்டுவிட்டுத் திரும்பினாய். மூன்றாவது நடையில் உன் கால் வழுக்கியதைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். மறுநாள்தான் கிடைத்தாய்.

மழை கொண்டுபோய்விட்டது என்றார்கள். என்னை என்ன சொன்னார்கள் தெரியுமா? தோஸ்துக்காகத் தலையில் பேட்டரி சுமந்து வந்தவன் என்றார்கள். உன் காரியத்தன்று நாலு பேர் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். வெட்கங்கெட்டவன். உன் மகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டேன், உன் வீட்டுக்கு ஓடு மாற்றினேன், அதற்கும் நல்ல பேர்தான். அந்த நல்ல பேர் எனக்குச் சோறு இறங்கவிட்டதில்லை.

இன்று மதியம் உன் மனைவியிடம் அந்த வயரைப் பற்றிச் சொன்னேன். வாசலில் உட்கார்ந்து மீன் கழுவிக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தாமலே, "தெரியும்ணா" என்றாள்.

அன்றைக்குக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் நடக்கும்போதே நீ அவளிடம் சொல்லிவிட்டாயாம். "சார்ஜராலதான் பேட்டரி பூட்ச்சி. அவன் இப்டி வோணாம்னுதான் சொன்னான், நான்தான் கேக்காம மாட்ட வச்சேன். அவங்கைல இத்தப் பத்திக் கேக்காத, பேஜாராயிடுவான்" என்றாயாம். அதனால்தான் இத்தனை வருஷம் அவள் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

எப்போதடா நான் வேண்டாம் என்றேன்? தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கும்போது, எனக்காக ஒரு பொய்யை யோசித்துச் சொல்ல உனக்கு எங்கிருந்து நேரம் கிடைத்தது? எனக்குக் கோபமாக வருகிறது, மாமு. எதிரில் இருந்தால் உன் சட்டையைப் பிடித்திருப்பேன்.

அங்கேயே நான் நிறுத்தியிருக்கலாம். முடியவில்லை. "இல்லம்மா, நான் வோணாம்னு சொல்லவே இல்ல. ஒண்ணும் ஆவாதுன்னுதான் சொன்னேன்" என்று போட்டு உடைத்துவிட்டேன்.

அப்போதுதான் அவள் கை நின்றது. திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அவுரு எங்கைல கடசியா பேசுனதே அதாணா" என்றாள். "அத்தயும் பொய்யின்றியா?"

எழுந்து வந்துவிட்டேன். என் பாரத்தை இறக்கிவைக்கத்தான் போனேன், அவளிடம் மிச்சமிருந்ததையும் பிடுங்கிக்கொண்டு வந்திருக்கிறேன். உன் கடைசிப் பேச்சு இனி அவளுக்கு இல்லை. அது என்னிடம் இருக்கிறது, மாமு.