சின்னவளும் சாவியும்

மார்ச் 4, செவ்வாய்

கொழுந்தனின் மனைவி இன்று எங்கள் எரிவாயு ஆலையில் சேர்ந்தாள். கணினி வழியாக வெளியாள் எவனும் உள்ளே நுழையாமல் பார்த்துக்கொள்ளும் வேலை. வீட்டில் பார்ப்பது போதாதென்று இனி ஆபீசிலும் சின்னவள் முகத்தில்தான் விழிக்க வேண்டும். கன்ட்ரோல் ரூமில் இத்தனை வருஷமாகக் குப்பை கொட்டுகிறேன், எனக்கு ஒரு நாற்காலி மாற்றித் தரவில்லை. அவளுக்கு வந்த அன்றே கண்ணாடி போட்ட தனி அறை.

சாப்பிடும்போது மாமியார்: "சின்னவ கம்ப்யூட்டர் திருடனையே பிடிக்கிறாளாம். நீ அங்க என்னம்மா பண்றே?"

என்ன பண்ணுகிறேன்? அழுத்தம் எகிறி ஆலையே வெடிக்காமல் பார்த்துக்கொள்கிறேன். அதையும் சோற்றோடு விழுங்கி, தண்ணீர் குடித்தேன்.

மார்ச் 6, வியாழன்

வயிறு எரிகிறது.

மார்ச் 11, செவ்வாய்

மானம் போனது. அழுத்தம் ஏறினால் தானாக வால்வுகளை மூடும் பாதுகாப்புக் கன்ட்ரோலர் என் பொறுப்பு. அதன் முகப்பில் ஒரு சாவி. 'இயக்கம்' பக்கம் திருப்பினால் உள்ளே இருக்கும் புரோகிராமை யாரும் தொட முடியாது. 'மாற்றம்' பக்கம் இருந்தால் கன்ட்ரோல் ரூமில் உட்கார்ந்தபடியே திருத்தலாம். ஒவ்வொரு திருத்தத்துக்கும் வெயிலில் அது இருக்கும் கொட்டகை வரை யார் நடப்பது? அதனால் சாவி எப்போதும் 'மாற்றம்' பக்கம்தான். எனக்கு முன்னால் இருந்தவர்களும் அப்படித்தான் விட்டார்கள்.

சின்னவள் அதைப் போட்டோ எடுத்து மேனேஜர் முன்னால் திரையில் போட்டாள். "அக்காவ குத்தம் சொல்லல சார். ஆனா நெட்வொர்க்குல எவன் நுழைஞ்சாலும் இந்தப் புரோகிராமை மாத்தி எழுதிடலாம்."

அக்காவாம்! குத்தம் சொல்லலையாம்! மேனேஜர் அவளைப் பார்த்துத் தலையாட்டினார் பாரு, எனக்கு ஒரு தடவையாவது அப்படி ஆட்டியிருக்காரா? பராமரிப்புக்காக ஆலையை நிறுத்தியிருக்கிறார்களே, வெள்ளிக்கிழமை எல்லார் முன்னாலும் மாற்றி எழுதிக் காட்டப் போகிறாளாம்.

மார்ச் 13, வியாழன்

கிளம்பும் முன் கொட்டகைக்குப் போனேன். சாவியை 'இயக்கம்' பக்கம் திருப்பி, உருவி, டிபன் பைக்குள் போட்டுக்கொண்டேன். ஆலையைக் காப்பாற்றவா? இல்லை. நாளைக்கு அவள் மூக்கு உடைய வேண்டும்.

மார்ச் 14, வெள்ளி

உடைந்தது. தட்டித் தட்டிப் பார்த்தாள், கன்ட்ரோலர் மசியவில்லை. மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்தார். சின்னவள் என்னைப் பார்த்தாள். தெரிந்துவிட்டது அவளுக்கு. தெரியட்டும்.

வீட்டில் அவள் பாத்திரம் தேய்த்தாள், நான் கழுவினேன். சாவி இன்னும் என் பையில்தான். கேட்டால் தருவேன். கேட்கட்டுமே.

மார்ச் 18, செவ்வாய்



பராமரிப்புக்கு வந்த பம்ப் கம்பெனிக்காரர் தன் லேப்டாப்பை எங்கள் நெட்வொர்க்கில் செருகியிருக்கிறார். அதற்குள் வைரஸ். பாவம், அவருக்கே தெரியாது. ஆலை மறுபடி ஓடத் தொடங்கியதும், ஞாயிற்றுக்கிழமை, அது என் கன்ட்ரோலரை மாற்றி எழுதப் பார்த்திருக்கிறது. அழுத்தம் ஏறினாலும் வால்வுகள் மூடக்கூடாது என்று. திரும்பத் திரும்ப. சாவி 'இயக்கம்' பக்கம் இருந்ததால் ஒவ்வொரு முறையும் முடியாமல் போயிருக்கிறது. இன்று பதிவுகளைத் துருவிக் கண்டுபிடித்தது சின்னவள்தான்.

ஞாயிற்றுக்கிழமை ஷிப்டில் இருந்தவர்களின் முகங்கள் வந்து வந்து போகின்றன.

"சாவிய யாரு எடுத்தது?" என்றார் மேனேஜர்.

நான் வாயைத் திறக்குமுன் அவள்: "அக்காதான் சார். முன்னாடியே எடுத்து வச்சுட்டாங்க."

பொய் இல்லை. எல்லாரும் கை தட்டினார்கள். அவள் போட்ட பிச்சையில் எனக்குப் பாராட்டு! நல்லவளாக இருப்பதிலும் அவள்தான் முந்திக்கொள்ள வேண்டுமா?

மார்ச் 19, புதன்

மாமியார் போனில் யாரிடமோ: "எங்க பெரியவ இல்லேன்னா ஆலையே போயிருக்கும்!" பக்கத்தில் சின்னவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நானும் ஒரு வெங்காயத்தை எடுத்து உரித்தேன். 

மார்ச் 28, வெள்ளி

சாவி என் பொறுப்பிலேயே இருக்கட்டும் என்றார் மேனேஜர். அதை வைக்க இரண்டு பூட்டுப் போட்ட பெட்டி வேண்டுமென்று நான்தான் கேட்டேன். ஒரு பூட்டு என்னுடையது, இன்னொன்று சின்னவளுடையது. இன்று வந்தது.

கொட்டகையில் கேட்டாள்: "எதுக்குக்கா ரெண்டு பூட்டு? யார் மேல சந்தேகம்?"

"என் மேலதான்."

அவள் சிரிக்கவில்லை. தன் பூட்டைப் போட்டு இழுத்துப் பார்த்தாள். பிறகு என்னுடையதையும் இழுத்துப் பார்த்தாள். எரிச்சலாகத்தான் இருந்தது. நானும் அவளுடையதை ஒரு தடவை இழுத்துப் பார்த்தேன்.