முதுகில் எட்டாத இடம்

மக்காவ்
18 ஜூலை 1978

அன்புள்ள சூக்-யீக்கு,

நான் இஸ்திரிப் பெட்டியால் முதுகைச் சுட்டுக்கொள்ளவில்லை. பக்கத்து வீட்டுத் திருமதி குவான் உங்களிடம் தொலைபேசியில் சொன்னது தவறு. எனக்குப் புத்தியும் தடுமாறவில்லை. அவள் பேச்சைக் கேட்டு இந்த வீட்டைப் பூட்டி என்னை ஹாங்காங்குக்குக் கொண்டுபோக என் மகன் ஏற்பாடு செய்ய வேண்டாம்.

நடந்தது இதுதான். நேற்று பஞ்சாங்கப்படி கோடையின் முதலாவது வெக்கை நாள். கோடையின் மூன்று வெக்கை நாட்களிலும், இஞ்சிச் சாற்றில் குழைத்த கடுகுப் பற்றை முதுகில் போட்டால் குளிர்காலத்து இருமல் அண்டாது. முப்பது வருடம் உன் மாமனார் போட்டுவிட்டார். அவர் போன பிறகு இரண்டு கோடையாகப் போடவில்லை. இரண்டு குளிர்காலமும் நான் இருமியதை நீயே கேட்டாய்.

மருந்துக்கடை ஹோ ஆண்பிள்ளை. திருமதி குவானிடம் முதுகைக் காட்டினால் தெரு முழுவதற்கும் காட்டியதாகும். ஆகவே பற்றை நாற்காலியின் சாய்மானத்தில் ஒட்டி, அதன்மேல் சாய்ந்தேன். இடம் தவறியது. அப்படியே தூங்கியும்விட்டேன். தோளில் ஒரு கொப்புளம். அவ்வளவுதான்.

மற்றபடி பாசிப்பயறுக் கஞ்சி குடிக்கிறேன். ஐஸ் தண்ணீரைத் தொடுவதில்லை. வியர்த்த உடம்போடு மின்விசிறியின் முன் உட்காருவதும் இல்லை. நீ உட்காருகிறாய் என்று கேள்வி.

கிளாரா லாவ்


ஹாங்காங்
வியாழக்கிழமை

அத்தைக்கு வணக்கம்.

கொப்புளத்தை உடைக்காதீர்கள். இத்துடன் களிம்பு அனுப்பியிருக்கிறேன்.

உங்கள் மகன் கடிதத்தை இரண்டு முறை படித்தார். "அம்மாவுக்குக் கை எட்டல. அதச் சொல்ல வாயும் வரல" என்றார்.

கல்யாணமாகி வந்த முதல் கோடையில் மாமா பற்றுப் போடுவதைப் பார்த்து நான் சிரித்தேன். நீங்கள் அதை மறக்கவில்லை என்று தெரியும். நான் ஆஸ்பத்திரி நர்ஸ். இன்றும் எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஆனால் பற்றுக்குச் சரியான இடம் பார்க்க முதுகெலும்பை எண்ணத் தெரியும். இரண்டாம் வெக்கை நாளன்று, 27ஆம் தேதி, காலைப் படகில் வருகிறேன்.

ஒரு நிபந்தனை. அன்றே மார்புக்கு எக்ஸ்ரே எடுக்க வேண்டும். அதில் ஏதாவது இருந்தால் மறுபேச்சில்லாமல் எங்களோடு வந்துவிட வேண்டும். இல்லையென்றால் வீட்டைப் பற்றி நாங்கள் பேசவே மாட்டோம்.

சூக்-யீ


மக்காவ்
1 ஆகஸ்ட் 1978

அன்புள்ள சூக்-யீக்கு,

உன் கடிதத்தில் தேதி இல்லை. நான் படித்த கன்னியர் மடப் பள்ளியில் இதற்கு எங்களை வெளியே நிறுத்துவார்கள். ஆனாலும் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

எக்ஸ்ரே முடிவு நேற்று வந்தது. நுரையீரலில் ஒன்றும் இல்லை. டாக்டர் எழுதிய தாளை இணைத்திருக்கிறேன். என் மகனிடம் காட்டு. இதுவரை யாரிடமும் சொன்னதில்லை: நான் பயந்துதான் இருந்தேன். என் தாய் இருமி இருமித்தான் போனார். நேற்று மதியம் சன்னலைச் சாத்திவிட்டு இரண்டு மணி நேரம் தூங்கினேன். என் வீட்டில், என் கட்டிலில்.

27ஆம் தேதி வந்தபோது நீ என் முதுகில் எலும்பை எண்ணத் தொடங்கி, மூன்றாவதில் நிறுத்தினாய். "எண்ணவே வேணாம் அத்தை. மாமா அடையாளம் வச்சிட்டுத்தான் போயிருக்கார்" என்றாய். "பற்றுப் போட்ட நாள்ல மீன் ஆகாது, உனக்கும் கிடையாது" என்று நான் சொன்னேன். வேறு எதுவும் சொல்ல வரவில்லை.

முப்பது கோடையின் தழும்பு அங்கே இருப்பது எனக்குத் தெரியாது. என் முதுகை நான் பார்த்ததில்லை. தினமும் பார்த்தவர் சொன்னதில்லை.

கடைசி வெக்கை நாள் ஆகஸ்ட் 16, புதன்கிழமை. வருவாயா? உன் கஞ்சியில் சர்க்கரை கூடப் போடுகிறேன்.

அந்தத் தழும்புகள் எத்தனை, எவ்வளவு பெரியவை, என்ன நிறம்? தொலைபேசியில் சொல்ல வேண்டாம். தேதி போட்டு, எழுதி அனுப்பு.

உன் அத்தை