கழுவாமல் பூசிய கறுப்பு

ஜூன் 4
பள்ளிக்கூட வேனில் பின்சீட்டுக் குட்டி கத்தினாள்: "பாட்டி, ரோடு தெரியுது!" கால்மிதியைத் தூக்கினேன். தெரிந்தது. மகள் ஓட்டுகிறாள், பிள்ளைகளை ஏற்றி இறக்குவது நான். அந்த ஓட்டைக்குள் ஒரு பிஞ்சுப் பாதம் போயிருந்தால்?

ஜூன் 5
வண்டியை நிறுத்திவிட்டோம். அடியில் படுத்துக் கரண்டியால் சுரண்டினேன். துருப் பிடிக்காமலிருக்க அடித்திருந்த கறுப்புப் பூச்சு பட்டை பட்டையாக உரிந்தது. அதற்குள் சேறு. சேற்றுக்குள் துரு. பாவி, கழுவாமலே பூசியிருக்கிறான்! ஈரம் வெளியேற வழியில்லாமல் தகடு உள்ளுக்குள்ளேயே இற்றுப்போயிருக்கிறது. கதவின் அடியில் தண்ணீர் வடிகிற துளைகளையும் சேர்த்து அடைத்திருக்கிறான். கதவைச் சாத்தினால் உள்ளே தளக் புளக் என்கிறது.

பூசியது யார்? வண்டிப் பட்டறை வைத்திருக்கிற என் கொழுந்தன். பூசி முடித்த அன்று மீசையைத் தடவிக்கொண்டு சொன்னானே: "துருவா? இனிமே இந்த வண்டியப் பாத்தாலே பயந்து ஓடும் அண்ணி."

இருடா.

ஜூன் 6
"விடும்மா, சித்தப்பாதானே" என்கிறாள் மகள். எதை விடுவது? வண்டி நின்றால் எங்கள் பிழைப்பு நின்றது.

ஜூன் 9
நல்ல மழை. கொழுந்தன் வெள்ளைப் பேன்ட் போட்டுக்கொண்டு ஏதோ விசேஷத்துக்குக் கிளம்பி நின்றான். நிறுத்தி வைத்திருந்த வேனை மகளை எடுக்கச் சொல்லி, "ஏறுங்க தம்பி, விட்டுர்றோம்" என்றேன். கால்மிதியை எடுத்துவிட்டு அந்தப் பின்சீட்டிலேயே உட்கார வைத்தேன். மகளிடம், தண்ணீர் தேங்கிய தெருவாகப் பார்த்துப் போகச் சொன்னேன்.

பீய்ச்சி அடித்தது பாருங்கள், இடுப்பு வரைக்கும்!

"ஐயோ அண்ணி, என்ன இது?"

"நீங்க பூசுன பூச்சுதான். துரு பயந்து ஓடுறத நீங்க பாக்க வேணாமா?"

வயிறு குளிர்ந்தது.

ஜூன் 11
வந்தான். "எல்லாத்தையும் உரிச்சு, புதுத் தகடு வெச்சுத் தர்றேன். வெளியில சொல்லிடாதீங்க அண்ணி."

"சொல்லல. ஆனா இனி உங்க பட்டறையில எந்த வண்டியா இருந்தாலும், நான் தடவிப் பாத்தப்புறம்தான் பூசணும்."

முகம் சுருங்கியது. சரி என்றான்.

ஜூன் 12
நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். அவன் வண்டிக்கடியில், வாயில் விழுகிற மண்ணைத் துப்பித் துப்பிச் சுரண்டினான். நான் டீ குடித்தேன். அவனுக்குக் கொடுக்கவில்லை.

ஜூன் 20
பள்ளி வண்டிகளுக்கான தகுதிச் சோதனையில் வண்டி தேறிவிட்டது. பிள்ளைகள் ஏறிவிட்டார்கள். மகளுக்குச் சிரிப்பு. எனக்குத்தான் இன்னும் ஆறவில்லை.

ஜூலை 2
பட்டறைக்கு யாரோ ஒருவருடைய கார் வந்திருக்கிறது என்று கூப்பிட்டான். போனேன். குனிந்து அடியெல்லாம் தடவினேன். மண் இல்லை, ஈரம் இல்லை. விரலில் ஒரு பொட்டு அழுக்கு ஒட்டவில்லை.

"இன்னொரு தடவ கழுவுங்க தம்பி" என்றேன்.

கழுவினான்.