ஒரே காருக்கு இரண்டு விலை

இன்று காலை நீதிமன்ற வளாகத்தில் யாரோ தம் காருக்கு மெழுகு தேய்த்துக்கொண்டிருந்தார். அந்த வாசனை எட்டியதும் நான் பின்வாசல் வழியாகச் சுற்றி உள்ளே போனேன். தேவாலயத்தில் ஞாயிறு பூசை முடிந்து வந்து நீ உன் காரோடு உட்கார்ந்துவிடுவாயே, அப்போது உன் கரங்கான் வீட்டு வாசல் முழுக்க இருக்கும் வாசனை அது.

பார்ப்பவர்களுக்கு அது சாலையில் ஓடும் மற்றக் கார்களைப் போலத்தான் தெரியும். குறைந்த எண்ணிக்கையில் வெளிவந்த சிறப்புப் பதிப்பு என்பதற்கு உள்ளே எண் பொறித்த தகடு ஒன்று மட்டுமே அடையாளம். ஒரு திருகாணியைக்கூட நீ மாற்றவிடவில்லை. ஒவ்வோர் ஆண்டும் மதிப்பீட்டாளரை அழைத்துக் காட்டி, கார் தொலைந்தால் எவ்வளவு தருவது என்று நிறுவனத்தோடு முன்கூட்டியே பேசி முடித்து, 'ஒப்புக்கொண்ட மதிப்பில்' காப்புறுதி எடுப்பாய். பிரீமியம் கூடுதல். கோலா கெடா கடலோரக் கடையில் மீன் சாப்பிடும்போது, சந்தை மதிப்பு போதாதா என்று கேட்டேன்.

"டேய் லோயர், சந்தை விலைன்னா கம்ப்யூட்டர்ல மாடலையும் வருஷத்தையும் தட்டுவான். என் காருக்கும் பக்கத்து வீட்டு ஓட்டைக் காருக்கும் ஒரே விலைதான் வரும்லா. உன் கோர்ட்டு கோட்ட அப்படித் தட்டிப் பாரு, பழைய துணி விலைதான்!"

சிரித்தேன். நன்றாகப் புரிந்துகொண்டும் இருந்தேன்.

நீ இறந்த முப்பதாம் நாள் பூசைக்குப் பிறகு உன் மனைவி ரீத்தா உன் சொத்து விவகாரங்களை என்னிடம் ஒப்படைத்தார். காரை விற்று மகளின் படிப்புக்கு வைத்துக்கொள்ள வேண்டும் என்றார். காப்புறுதியெல்லாம் நீயே பார்த்துவந்ததால் அவருக்குக் காரின் மதிப்பு தெரியாது. எனக்கோ அந்தக் கார் வேண்டும் என்ற ஆசை. கடனுக்காக வங்கியில் கேட்டேன். சிறப்புப் பதிப்புக்கென அவர்களிடம் தனிக் கணக்கு இல்லை. சாதாரண மாடலின் விலையையே எடுத்துக்கொண்டார்கள். மறுநாள் காலை அந்தத் தொகையை ரீத்தாவிடம், "வங்கியின் மதிப்பு இது" என்று தெரிவித்தேன். நான் உச்சரித்த ஒரு சொல்லும் பொய்யன்று. அப்படிப் பார்த்துப் பார்த்துத்தான் சொற்களை அடுக்கியிருந்தேன்.

"இவ்ளோதானா அண்ணே?" என்றார். பிறகு அவரே, "அப்ப நீங்களே எடுத்துக்குங்க அண்ணே. வேற ஆளு கையில போனா அவரு தாங்கமாட்டாரு" என்றார்.

அன்று பிற்பகலே காப்புறுதி முகவரிடம் போனேன். எனக்கு ஒப்புக்கொண்ட மதிப்புதான் வேண்டும் என்று கேட்டேன். எண் தகடு, அசல் பாகங்கள், உன் பராமரிப்பு என்று காலையில் சொல்லாமல் விட்டவை அனைத்தும் அங்கே சரளமாக வந்தன. முகவரான அந்தப் பெண் குறிப்பெடுப்பதை நிறுத்தி நிமிர்ந்தார்.

"நல்ல காருலா! எவ்ளோக்கு எடுத்தீங்க?"

மேசையில் வைத்திருந்த காரின் தாள்களை எடுத்துக்கொண்டேன். எழுந்து நேராக உன் வீட்டுக்குப் போனேன். ரீத்தாவிடம் எல்லாவற்றையும் கூறினேன். மதிப்பீட்டாளரை அழைப்போம், நான் வாங்கப்போவதில்லை என்றேன்.

"இது உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும்."

மகளுக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தவர் கரண்டியைக் கீழே வைத்தார். "சரி. பேப்பரெல்லாம் இங்கயே வச்சிட்டுப் போங்க, சார்."

உன் கல்யாணத்தன்று தொடங்கி இத்தனை காலம் என்னை அண்ணே என்று அழைத்தவர்.

பாலிங் ஊரிலிருந்து வந்த கார் ஆர்வலர் ஒருவர், மதிப்பீட்டாளர் சொன்ன விலைக்கே காரை வாங்கிக்கொண்டார். மகளின் படிப்புக்கு அது போதும். சட்டப்படி யாருக்கும் நட்டமில்லை. நான் இப்படி எழுதுவதைப் படித்தால் நீ என்ன சொல்வாய் என்பதும் தெரியும்.

போன ஞாயிறு கோயில் வாசலில் உன் மகள் என்னைக் கண்டதும், "மா..." என்று வழக்கம்போல் தொடங்கினாள். அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள். அந்தப் பாதி 'மாமா'வோடுதான் வீடு திரும்பினேன்.