நகம் வைத்த கை

பிரஸ்ஸல்ஸ்
12 அக்டோபர் 1986

அன்புத் தங்கை நஸீஹாவுக்கு,

உனக்கும், நம் ஊர் மொஸ்தகானெமில் என்னை இன்னும் மறக்காத எல்லோருக்கும் ஸலாம். நான் நலம். இங்கே மழை பிடித்துக்கொண்டது. இனி மார்ச் வரை குடையோடுதான் குடித்தனம்.

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். இளைஞர் மன்றத்தில் பிள்ளைகளுக்குக் காமிக்ஸ் போடச் சொல்லித் தருகிறாயாம். அதுவும் பார்த்து வரைவது இல்லை. அவர்களே கதை யோசித்து, கட்டம் பிரித்து, பேச்சுக்குமிழ் போட்டு, அவர்களே புத்தகமாகத் தைப்பார்களாம். ஸ்டூடியோவில் இதைச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கக் கூடாது என்றுதான் இருந்தேன்.

நஸீஹா, நான் மை தொட ஆரம்பித்துப் பதினெட்டு வருடம் ஆகிறது. ஒருவன் கதவைச் சாத்துவதை ஒழுங்காக வரைய இன்றைக்கும் எனக்குத் திணறல்தான். பத்துப் பன்னிரண்டு வயதுப் பொடிசுகளிடம் சொல்ல என்ன கதை இருக்கும்? மூக்கு ஒழுகின கதையா? நீ பூகோள டீச்சர். ஆறும் மலையும் நடத்திக்கொண்டு நிம்மதியாக இருக்க வேண்டியதுதானே? பொழுது போகவில்லை என்றால் நடத்திக்கொள். ஆனால் முதல் இரண்டு வருடம் எலும்பும் தசையும் வரையட்டும். கதையெல்லாம் அப்புறம். என் காமிக்ஸ் ஆல்பங்கள் ஆறையும், மை பாட்டில்களையும் ஒரு பெட்டியில் அனுப்பியிருக்கிறேன். நல்லதைப் பார்த்துப் பழகட்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

பாசமுள்ள அண்ணன்,
ரெத்வான்


மொஸ்தகானெம்
30 நவம்பர் 1986

அன்புள்ள அண்ணாவுக்கு,

ஸலாம். நான் சுகம். உங்கள் பெட்டி சுங்கத்தில் படுத்துத் தூங்கிவிட்டு ஒருவழியாக வந்து சேர்ந்தது. ஒரு மை பாட்டில் உடைந்து உங்கள் ஆல்பங்களில் இரண்டைக் குடித்துவிட்டது. வருத்தப்படாதீர்கள், மீதி நாலையே பிள்ளைகள் முடிக்கவில்லை. மழை பார்த்துக்கொண்டே நிற்கிற உங்கள் கதாநாயகனை ஒரு பையன் கடைசிப் பக்கம்வரை பொறுமையாகப் பின்தொடர்ந்துவிட்டு என்னிடம் வந்தான். “டீச்சர், இந்த மாமா ஏன் ஜன்னலை விட்டு நகரவே மாட்டேங்கறாரு? வீட்டுச் சாவியத் தொலைச்சிட்டாரா?” என்று கேட்டான். அவனுக்குப் பதில் வேண்டும். நீங்களே எழுதுங்கள்.

எலும்பும் தசையும் நான் நடத்தவில்லை. ஒரு தாளை மடித்து எட்டுப் பக்கம் ஆக்கச் சொல்வேன். நேற்று உன் வீட்டில் நடந்ததைப் போடு என்பேன். அவ்வளவுதான் என் பாடம். ரப்பர் கிடையாது. அரசாங்கக் கடைக்கு ரப்பர் வந்து ஒரு வருடம் ஆகிறது, அதனால் அதையே விதியாக்கிவிட்டேன்.

விஸால் என்று ஒரு பெண். பதினாலு வயது. அவள் அப்பா மொக்தார் துறைமுகத்தில் மீன் ஏலம் கூவுகிறவர். அவர் குரல் நம் பழைய வீட்டு மாடிவரை கேட்கும். அவள் போட்ட கதை இதுதான். அப்பா வேலை முடிந்து வீட்டுக்கு வந்து “ஷோர்பா எங்க?” என்று சூப் கேட்கிறார். அந்தப் பேச்சுக்குமிழ் ஊதி ஊதி அறையை அடைத்துக்கொள்கிறது. தட்டுகள் உருள்கின்றன, அம்மா சுவரோடு நசுங்குகிறாள், பிள்ளைகள் பால்கனியில் போய் விழுகிறார்கள். கடைசியில் அம்மா குமிழின் வாலில் கயிறு கட்டி வெளியே இழுத்துப்போய், அதன்மேல் ஈரத்துணி காயப்போடுகிறாள். அப்பா கடுகளவு குமிழில், “என் சட்டையையும் போடு” என்கிறார்.

தன்னைக் கேலி செய்ய மகளுக்கு யார் கற்றுக்கொடுத்தது என்று கேட்க மொக்தார் மன்றத்துக்கே வந்துவிட்டார். நின்றபடி படித்தார். அவர் சிரித்த சிரிப்பில் பக்கத்து அறையில் செஸ் ஆடியவர்கள் எழுந்து வந்தார்கள். ஒரு பிரதி வாங்கிப் போய் ஏலக்கூடத்துச் சுவரில் ஒட்டியிருக்கிறார். உங்களுக்கும் ஒரு நகல் இந்த உறையில் வைத்திருக்கிறேன். ஸ்டூடியோவில் சத்தமாகப் படியுங்கள்.

அன்புத் தங்கை,
நஸீஹா


பிரஸ்ஸல்ஸ்
8 பிப்ரவரி 1987

அன்புத் தங்கைக்கு,

உன் கிண்டலையெல்லாம் மன்னித்துவிட்டேன், ஏனென்றால் நல்ல செய்தி இருக்கிறது. அந்த மீன்காரன் மகளின் பக்கங்களை என் பதிப்பாளரிடம் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். “இதில் ஒரு கதறல் இருக்கிறது” என்றார். நம் பக்கத்துப் பிள்ளைகள் வரைந்ததையெல்லாம் சேர்த்து ஒரு தொகுப்புப் போடப்போகிறோம். தொகுப்பாசிரியர் நான். உன்னிடம் இருக்கும் மூலப்படங்கள் எல்லாவற்றையும் உடனே அனுப்பு.

அப்படியே போட முடியாது என்பது உனக்கே தெரியும். கோடு தள்ளாடுகிறது. கையெல்லாம் பிசைந்த மாவு மாதிரி இருக்கிறது. நான் மறுபடி மை போட்டுத் தருகிறேன். குமிழைக் கறுப்பாக்க வேண்டும். துணி காயப்போடுகிற இடம் சந்தைச் சிரிப்பு, அதை எடுத்துவிடலாம். அதற்குப் பதில் அப்பன் கையை ஓங்குகிறான், பெண் ஜன்னல் வழியாக வெளியேறுகிறாள். இங்கே வாசகர்கள் எதிர்பார்ப்பது அதைத்தான். அவளுக்கே தெரியாமல் அவள் சொல்லவந்ததும் அதுதான்.

பத்திரமாகப் பொட்டலம் கட்டு.

அண்ணன்,
ரெத்வான்


மொஸ்தகானெம்
15 மார்ச் 1987

அன்புள்ள அண்ணாவுக்கு,

ஸலாம். உங்கள் பதிப்பாளரின் கண்ணாடி இப்போது சுத்தமாக இருக்கும் என்று நம்புகிறேன்.

கதறலா? அந்தக் கதையை வரையும்போது விஸால் சிரித்துச் சிரித்து விக்கல் எடுத்தாள், நான் தண்ணீர் கொடுத்தேன். கதறலை நீங்கள் அங்கேயே கொஞ்சம் தேடிப்பாருங்கள், குடைக்கு அடியில் எங்காவது கிடக்கும்.

ஆனாலும் முடிவு அவளுடையது என்பதால் உங்கள் கடிதத்தை அவளுக்குப் படித்துக் காட்டினேன். மாவு மாதிரிக் கை என்பதை ஒப்புக்கொண்டாள். மற்றதைக் கேட்டுவிட்டுப் பென்சிலைக் கீழே வைத்தாள். அப்புறம், “அவருக்கு ஜன்னல் கதைதான் வேணும்னா அவரே ஒண்ணு போட்டுக்கட்டுமே டீச்சர். தாள் இல்லேன்னா நான் தரேன்” என்றாள். நானே இதைவிட நன்றாகச் சொல்ல மாட்டேன்.

ஆகவே அண்ணா, வரைந்தபடியே போடுவதாக இருந்தால் போடுங்கள். துணியும் சட்டையும் மாவுக் கையும் இருக்க வேண்டும். இல்லை என்றால் போடாதீர்கள். மூலப்படம் ஒன்றுகூட வராது. என்னால் இதைவிடத் தெளிவாக எழுத முடியாது, பூகோள டீச்சர்தானே.

தங்கை,
நஸீஹா


பிரஸ்ஸல்ஸ்
20 ஜூன் 1987

அன்புத் தங்கைக்கு,

புத்தகம் வந்துவிட்டது. தனித்தபாலில் உனக்கு இரண்டு பிரதிகள் வரும். கெட்டி அட்டை, நல்ல தாள், நீங்கள் அங்கே கண்ணால் கூடப் பார்த்திருக்க மாட்டீர்கள். நான் அனுப்பச் சொன்னதை நீ அனுப்பாததால் கையில் இருந்த நகலை வைத்தே வேலை செய்தேன். உன்னைக் கேட்டிருந்தால் மாட்டேன் என்பாய். அதனால் கேட்கவில்லை. அந்தக் கதைதான் தொகுப்பின் முதல் கதை. விமர்சனம் எழுதிய எல்லோரும் அதைத்தான் சொல்கிறார்கள். பெண்ணின் பெயரையும் ஊரையும் அப்படியே விட்டிருக்கிறேன், உண்மையான பிள்ளை என்று தெரிந்தால்தான் மதிப்பு. நன்றிப் பக்கத்தில் நீயும் இருக்கிறாய்.

வானொலியில் என்னைக் கூப்பிட்டுப் பேசச் சொன்னார்கள். நம் ஊரின் மௌனத்தைப் பற்றிப் பேசினேன். கோபம் ஆறினதும் எழுது. ஒருநாள் நீயே நன்றி சொல்வாய்.

அண்ணன்,
ரெத்வான்


மொஸ்தகானெம்
23 ஆகஸ்ட் 1987

அண்ணாவுக்கு,

நீங்கள் அனுப்பிய பிரதிகள் வருவதற்கு முன்னாலேயே புத்தகம் ஊருக்கு வந்துவிட்டது. உங்கள் ஊரில் டிராம் ஓட்டுகிற நம் பக்கத்து ஆள் ஒருவர் கோடை விடுமுறைக்கு வந்தபோது, மொக்தாரைச் சந்தோஷப்படுத்தலாம் என்று வாங்கி வந்திருக்கிறார். பாவம், பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. ஏலக்கூடத்தில் எல்லோர் முன்னாலும் வைத்து, “உன் பொண்ணு பேரு புத்தகத்துல வந்திருக்குப்பா” என்று கொடுத்திருக்கிறார்.

மொக்தாருக்குப் பிரெஞ்சு படிக்கத் தெரியாது. தெரிந்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை. கறுப்புக் குமிழும், ஓங்கிய கையும், ஜன்னலில் ஏறுகிற பெண்ணும் எந்த மொழிக்காரனுக்கும் புரியும். மத்தியானத்துக்குள் கூடம் முழுக்கப் பார்த்துவிட்டது. “அடிப்பியா மொக்தார்? சொல்லவே இல்லையே” என்று ஒருவன் கேட்டிருக்கிறான். மொக்தார் சுவரில் இருந்த பழைய தாளைக் கிழித்து எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

மகளை அவர் திட்டவில்லை. வகுப்புக்குப் போகாதே என்றும் சொல்லவில்லை. அவளாகத்தான் வரவில்லை. நான் வீட்டுக்குப் போய்க் கேட்டேன். மாடிப்படியில் உட்கார்ந்துகொண்டு சொன்னாள்: “எங்கப்பா வீட்ல மெதுவா பேசறாரு டீச்சர். கேக்கவே சகிக்கல.” ஏலத்திலும் அப்படித்தானாம். பின்னால் நிற்பவர்கள் விலை கேட்கவில்லை என்று திருப்பிச் சொல்லச் சொல்கிறார்களாம். நம் ஊரின் மௌனத்தைப் பற்றி வானொலியில் பேசினீர்களே, அது இப்போதுதான் வந்திருக்கிறது. நீங்கள் அனுப்பியது.

மறுநாள் விஸாலையும், அவள் வரைந்த மூலத்தையும், உங்கள் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு ஏலக்கூடத்துக்குப் போனேன். இரண்டையும் பெட்டிகள்மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். நான் ஏதோ பேச வாயெடுத்தேன். அவள் என்னை விடவில்லை.

“அப்பா, எனக்குக் கை வரைய வராது. நான் போடற கைக்கு நாலு விரல்தான் இருக்கும். இதுல பாருங்க, நகம்கூட இருக்கு. இது நான் போட்டதில்லப்பா.”

அவர் குனிந்து, தன்னுடையது என்று சொல்லப்பட்ட அந்தக் கையை நெடுநேரம் பார்த்தார். உங்கள் திறமையைக் குறை சொல்ல முடியாது; நரம்பு முதற்கொண்டு இருந்தது. அப்புறம் என் பக்கம் திரும்பினார். “அப்போ இது யார் கை?” என்று கேட்டார்.

என் அண்ணன் கை என்று சொன்னேன். சுற்றிலும் நின்றவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். எனக்காக வெட்கப்பட்டார்கள் அண்ணா. அவர்களிடம் அந்த மரியாதை இருக்கிறது.

மொக்தார் கேட்பது ஒன்றே ஒன்றுதான். “அந்தக் கையை வரைந்தது நான், அந்தப் பெண் இல்லை” என்று உங்கள் கையெழுத்தில், அரபியில் ஒரு வரி. தாள் கிழித்த இடத்தில் அதை ஒட்டுவாராம். மன்னிப்பெல்லாம் அவர் கேட்கவில்லை. அனுப்பிவையுங்கள்.

நஸீஹா


பிரஸ்ஸல்ஸ்
14 செப்டம்பர் 1987

நஸீஹாவுக்கு,

மீன் வாடை அடிக்கிற ஒரு சுவரில் ஒட்டுவதற்கு நான் வாக்குமூலம் எழுதித் தர வேண்டுமா? புத்தகம் இரண்டாம் பதிப்புக்குப் போகிறது. இந்த நேரத்தில் படத்தை மாற்றியது நான்தான் என்று என் கையெழுத்தில் ஒரு தாள் சுற்றினால் என்ன ஆகும் என்று நீ யோசித்தாயா? கலை என்றால் யாருக்காவது வலிக்கத்தான் செய்யும். நாலு நாள் போனால் அந்த ஆள் மறந்துவிடுவான், மறுபடியும் கத்த ஆரம்பிப்பான். வேண்டுமானால் அவனுக்கு நல்ல சட்டைத்துணி அனுப்புகிறேன்.

நீ சின்ன ஊரில் இருந்து சின்னதாகிவிட்டாய்.

ரெத்வான்


மொஸ்தகானெம்
25 அக்டோபர் 1987

ரெத்வானுக்கு,

சட்டைத்துணி வேண்டாம்.

கடிதம் வராது என்று மொக்தாரிடம் நானே போய்ச் சொன்னேன். மழையில் நனைந்த வலையைப் பிரித்துக்கொண்டிருந்தார். “பரவால்ல டீச்சர், நீங்க உக்காருங்க” என்று நாற்காலி போட்டார். எனக்குக் கொடுக்க அவரிடம் நாற்காலியாவது இருந்தது. அவருக்குக் கொடுக்க என்னிடம் ஒரு வரி இல்லை.

விஸால் வகுப்புக்குத் திரும்பிவிட்டாள். கோடையில் நடந்ததைப் பிள்ளைகளோடு உட்கார்ந்து கதையாகப் போட்டாள். டிராம்காரர், புத்தகம், கூடத்தில் கேட்ட கேள்வி, அப்பாவின் பேச்சுக்குமிழ் நாளுக்கு நாள் சுருங்குவது, எல்லாம் இருக்கிறது. மன்றத்து சைக்ளோஸ்டைலில் நூறு பிரதி எடுத்தோம். கோடு இன்னமும் தள்ளாடுகிறது. உங்கள் ஆறு ஆல்பங்களையும் ஒரு தட்டிலும், இந்த எட்டுப் பக்கத்தை மறு தட்டிலும் வைத்தால் எது கீழே இறங்கும் என்று நான் சொல்லப்போவதில்லை. உங்களுக்குக் கண் இருந்த காலம் ஒன்று உண்டு, அப்போது நீங்களே சொல்லியிருப்பீர்கள்.

அந்தக் கதையில் ஒரு கட்டத்துக்கு நீங்கள் தேவைப்பட்டீர்கள். மேசையில் உட்கார்ந்து கையைத் திருத்துகிற இடம். “உங்க அண்ணன் எப்படி இருப்பாரு டீச்சர்?” என்று கேட்டாள். வீட்டில் இருந்து உங்கள் போட்டோவை எடுத்துப் போனேன். கழுத்தில் துண்டு சுற்றிக்கொண்டு தூரமாகப் பார்க்கிற போட்டோ. வாங்கிப் பார்த்துவிட்டு என்னிடமே திருப்பிக் கொடுத்தாள்.

“வேணாம் டீச்சர். நான் இவரப் பார்த்ததே இல்ல. பழகாதவங்கள வரையக் கூடாது.”

அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டாள். நான்கு கோடு, நடுவில் வெள்ளை. கதை இப்போது ஏலக்கூடத்துச் சுவரில் இருக்கிறது. மீன் வாங்க வருகிறவர்கள் நின்று படித்துவிட்டு, இந்தக் கட்டத்தில் யாருமே இல்லையே, யார் இது என்று கேட்கிறார்கள். மொக்தார் விலை கூவுவதை நிறுத்தாமல், மாடிவரை கேட்கிற அதே குரலில், இடையில் பதில் சொல்லிவிட்டுப் போகிறார்:

“அது டீச்சரோட அண்ணன். அவரு வரல.”

நஸீஹா